ஐந்து விரலும் விரித்து

தேர்தலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வாசகர்கள் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எந்தக் கட்சி உத்தமம், எந்தத் தலைவர் சத்தியசந்தர் என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கப் போவதில்லை. அந்த ஆராய்ச்சி டீக்கடைகளில் என்னைவிடத் திறமையாக நடந்துகொண்டிருக்கிறது. நாம் போட்ட ஓட்டு அப்புறம் என்ன ஆகிறது, அது நாம் போட்டபடியே எண்ணப்பட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற ஒரு சின்ன விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த விஷயத்தில் ஜெயித்தவரின் அபிப்பிராயத்தைக் கேட்டுப் பயனில்லை. தேர்தல் மிக ஒழுங்காக நடந்தது என்றுதான் அவர் சொல்வார். தோற்றவரைத்தான் கேட்க வேண்டும். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, போகட்டும்" என்று வீட்டுக்குத் திரும்பினால் தேர்தல் நடந்தது என்று அர்த்தம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பெரியப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பெரியப்பா முகையூர்க்காரர். விழுப்புரத்திலிருந்து மேற்கே திருக்கோவலூர் போகும் வழியில், கரும்பும் மல்லாட்டையும் விளைகிற கொல்லைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். ஒரு காலத்தில் முகையூர் என்ற பெயரில் ஒரு சட்டசபைத் தொகுதியே இருந்தது. 2008-ஆம் வருஷம் தொகுதிகளைத் திருத்தி அமைத்தபோது அந்தப் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஊராட்சி ஒன்றியத்துக்கு மட்டும் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

1996-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு, தமிழ்நாட்டில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. பெரியப்பா வார்டு மெம்பருக்கு நின்றார். ஒன்பது ஓட்டில் தோற்றார். ஒன்பது ஓட்டு என்பது பொல்லாத கணக்கு. தொண்ணூறு ஓட்டில் தோற்றால் மனுஷன் தூங்கிவிடுவான். ஒன்பதில் தோற்றால் இரவெல்லாம் யார் யார் காலை வாரினார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பான்.

போதாக்குறைக்கு ஒரு தகராறும் கிளம்பியது. எதிராளிக்கு என்று எண்ணி வைத்த சீட்டுகளில் பதினொன்றில், பெரியப்பாவின் சின்னத்தின் மீதும் ஒரு முத்திரை விழுந்திருந்தது. "இரண்டு பக்கமும் குத்தின ஓட்டு செல்லாது! பதினொன்றையும் தள்ளு!" என்று எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். பதினொன்றையும் தள்ளினால் பெரியப்பா இரண்டு ஓட்டில் ஜெயித்துவிடுவார். வெளியே வேலியோரத்தில் இரண்டு கட்சிக்காரர்களும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

எண்ணிக்கைக்கு வந்திருந்த அதிகாரி ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பதினொரு சீட்டையும் மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார். "ஐயா, நீங்களே பாருங்க. முத்திரையிலே நாலு கை இருக்கு. நாலும் ஒரே பக்கமாச் சுழலுது. இந்தப் பக்கம் விழுந்தது சரியான சுழி. உங்க சின்னத்து மேலே இருக்கிறது எதிர்ச் சுழி. சீட்டை மடிச்சப்போ ஈரமையி ஒட்டினது" என்றார். நம் நாட்டு ஓட்டு முத்திரையின் வடிவத்தில் இருக்கிற சூட்சுமம் இதுதான். வெறும் வட்டமோ பெருக்கல் குறியோ ஆனால், மடிப்பில் ஒட்டினாலும் அசலைப் போலவே இருக்கும். சுழலும் குறி மடிப்பில் ஒட்டினால் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும்.

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினொரு சீட்டையும் ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தார்; பிரித்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து எங்களிடம், "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நான் பாத்துட்டேன்" என்றார். அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது.

"நான் பாத்துட்டேன்" என்ற அந்த இரண்டு வார்த்தை என் மனத்தில் தங்கிவிட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு உத்தரமேரூருக்குப் போயிருந்தபோது அதன் அர்த்தம் இன்னும் நன்றாக விளங்கிற்று.

எங்கள் பக்கத்திலிருந்து திண்டிவனம், மதுராந்தகம் வழியாக உத்தரமேரூர் போகலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவன் ஆட்சியின் 12-ஆம் வருஷத்தில் ஒன்று, 14-ஆம் வருஷத்தில் ஒன்று. அதாவது சுமார் கி.பி. 919, 921. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இரண்டு மார்க்குக்காகப் படித்த சமாசாரந்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் தகுதிகளை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது, பொய்யாவணம் எழுதியவனும் கழுதை மேல் ஏற்றப்பட்டவனும் கூடாது, இத்யாதி. எனக்கு ரசமாகப் பட்டது தகுதிகள் அல்ல. ஓலை எடுக்கும் முறை.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இட வேண்டும். சிறியவர் பெரியவர் எல்லோரும் அடங்கிய மகாசபை கூட வேண்டும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயது மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலகனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அந்தப் பாலகனே எடுத்து, கணக்கு எழுதும் மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும்.

இனித்தான் விசேஷம். மத்தியஸ்தன் அந்த ஓலையை ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலை மடக்கி வாங்கக் கூடாது. மடக்கினால் அந்தக் கையில் ஏற்கனவே ஓர் ஓலை இருந்திருக்கலாம் அல்லவா? வாங்கிய ஓலையை அவன் வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததும் போதாது. மண்டபத்தில் உள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் ஏற்றுக்கொள்ளப்படும்.

யாரையும் நம்பாத முறை இது! மூத்தவரை நம்பவில்லை, அதனால்தான் குடத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். எடுப்பவனை நம்பவில்லை, அதனால் குழந்தையை வைத்தார்கள். மத்தியஸ்தனின் கையை நம்பவில்லை, கண்ணையும் நம்பவில்லை. இவ்வளவு அவநம்பிக்கையை ஒழுங்காக அடுக்கியதன் பலன், கடைசியில் ஊர் முழுவதும் நம்பியது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 919-இல் செய்த ஏற்பாட்டை இரண்டே வருஷத்தில் திருத்தி இன்னும் கண்டிப்பான விதிகளோடு மறுபடி கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் முறையில் ஓட்டை இருந்தால் ஒப்புக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கமில்லை.

இதை வைத்துக்கொண்டு, "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்" என்று மார் தட்டிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரின் சபை. நிலமில்லாதவனுக்கும் மற்றச் சாதியாருக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. தவிர, அது குலுக்கலே ஒழிய ஓட்டு அல்ல. அங்கே யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே மறைக்க வேண்டிய ரகசியமும் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் விரித்த கையில் காட்ட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் காலத்து ஓட்டு அப்படி அல்ல. யார் யாருக்குப் போட்டார் என்பது தெரியக் கூடாது. தெரிந்தால் கூலிக்காரனை ஆண்டை விடமாட்டார். கடன் வாங்கியவனைக் கடன் கொடுத்தவர் விடமாட்டார். இங்கிலாந்திலேகூட 1872-ஆம் வருஷம் வரையில் வாக்காளன் பகிரங்கமாக வாயால் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுப் போட்டான். அந்த வருஷம் சட்டம் செய்து ரகசிய ஓட்டைக் கொண்டுவந்தார்கள். ஆக, புதிதாக ஒரு சங்கடம் பிறந்தது. ஓட்டுப் போடுவதை ஒருவரும் பார்க்கக் கூடாது. எண்ணுவதை எல்லோரும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சாதிப்பதுதான் தேர்தல் கலை. அன்று முதல் இன்று வரை உள்ள தேர்தல் சரித்திரம் முழுவதும் இந்த இழுபறிதான் என்று சொல்லலாம்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-இல் நடந்தபோது பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள். பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகையால் முதல் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி வைத்து, அதன் மேல் சின்னத்தை ஒட்டச் செய்தார். மறைவுக்குள் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வேண்டியிருந்தன. பம்பாய் விக்ரோலியில் கோத்ரெஜ் தொழிற்சாலையில் இரவும் பகலும் பெட்டி அடித்தார்கள்.

சுலபமான ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. சீட்டில் குறி எதுவும் இல்லை. எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ அந்தப் பெட்டிக்காரனுக்கு ஓட்டு. ஒருவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்து வெளியே விற்றுவிடலாம். வாங்கியவர் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்த் தம் பெட்டியில் போட்டுவிடலாம். ரகசியம் காப்பாற்றப்பட்டது, ஆனால் சீட்டுக்கு வாய் இல்லை. ஆகையால்தான், எல்லாப் பெயர்களையும் சின்னங்களையும் ஒரே சீட்டில் அச்சடித்து, முத்திரை குத்தி ஒரே பெட்டியில் போடும் முறையை 1960-க்குப் பிறகு கொண்டுவந்தார்கள். பெரியப்பாவின் பதினொரு சீட்டும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவை.

காகிதத்துக்கும் கஷ்டங்கள் உண்டு. குண்டர்கள் சாவடியில் புகுந்து, அரை மணியில் கட்டு முழுவதையும் குத்திப் பெட்டியில் திணித்துவிட்டுப் போவார்கள். 1996-இல் நம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றபோது ஓட்டுச் சீட்டு ஒரு புத்தகமாகவே ஆகிவிட்டது! இதற்கெல்லாம் பரிகாரமாக வந்ததுதான் மின்னணு யந்திரம். ஹைதராபாதில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் பெங்களூரில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸும் அதைச் செய்தன. பெங்களூரில் அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர்களில் ஒருவர் நம் எழுத்தாளர் சுஜாதா என்பது கதை படிப்பவர்களுக்கெல்லாம் தெரிந்ததே.

யந்திரத்தில் நல்ல யோசனைகள் பல உண்டு. அதிகாரி தம் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால்தான் மறைவுக்குள் இருக்கும் பெட்டி ஓர் ஓட்டை ஏற்கும். நிமிஷத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் பதியாது; ஆகவே சாவடியைப் பிடித்தவன் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளி உலகத்தோடு அதற்குத் தொடர்பு கிடையாது. காலையில் ஏஜண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பரீட்சை பார்த்து, அதை அழித்துவிட்டு ஆரம்பிக்கிறார்கள். மாலையில் மொத்தம் பதிவான ஓட்டு எவ்வளவு என்று எழுதி ஏஜண்டுகளுக்கு நகல் கொடுக்கிறார்கள்.

முதன் முதலில் 1982-ஆம் வருஷம் மே 19-ஆம் தேதி, கேரளத்தில் பரூர் தொகுதியில் 50 சாவடிகளில் அதை வைத்தார்கள். தேர்தலுக்கு முன்பே சிவன் பிள்ளை என்ற வேட்பாளர் யந்திரம் கூடாதென்று கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டார் ஒப்பவில்லை. தேர்தல் நடந்தது, சிவன் பிள்ளையே 123 ஓட்டில் ஜெயித்தார்! உடனே தோற்றுப்போன ஏ. சி. ஜோஸ் யந்திரம் செல்லாது என்று வழக்குப் போட்டார். 1984 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தில் யந்திரத்துக்கு இடமில்லை, அந்த 50 சாவடிகளிலும் சீட்டு வைத்து மறுபடி நடத்துக என்று தீர்ப்பளித்தது. மறு ஓட்டில் ஜோஸ் ஜெயித்தார். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2001-இல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் முழுவதும் யந்திரத்தில் நடந்தது. அப்போதும் அதை எதிர்த்து அ.தி.மு.க. சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று, வழக்குத் தள்ளுபடியாயிற்று, தேர்தலில் அந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்தது. ஜெயித்தவருக்கு யந்திரத்தின் மேல் குறை இருப்பதில்லை என்பதை இரண்டு சம்பவங்களும் நன்றாகக் காட்டுகின்றன.

அந்த 2001 தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பெரியப்பாவிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. அமுக்கினேன், கீன்னு கத்துச்சு. ஆனா, கத்தினது என் ஓட்டுதான்னு எப்படிடா தெரியும்?"

"சிவப்பு விளக்கு எரிந்ததே, பெரியப்பா?"

"விளக்கு வெளியே எரிஞ்சுது. உள்ளே என்னா எழுதிக்கிச்சுன்னு கேக்கறேன். நாளைக்கு ஒருத்தன் ஒம்பது ஓட்டுல தோத்தா, மேஜை மேலே எதைப் பரப்பிக் காட்டுவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியப்பா கேட்ட அதே கேள்வியைப் படித்தவர்களும் பிற்பாடு கேட்டார்கள். 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், விசேஷ ஞானம் எதுவும் இல்லாத சாதாரணப் பிரஜையும் தேர்தலின் முக்கியமான கட்டங்களைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும், அங்கே உபயோகித்த யந்திரங்களில் அது முடியாது என்று சொல்லிவிட்டது. அயர்லாந்தில் கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்கிய யந்திரங்களை ஒரு பொதுத் தேர்தலில்கூட முழுமையாக உபயோகிக்காமல் 2012-இல் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இங்கே 2010-இல், ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாதும், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மனும், நெதர்லாந்துக்காரர் ராப் கோங்ரெய்ப்பும், நம் யந்திரம் ஒருவன் கையில் சிறிது நேரம் சிக்கினால் எப்படியெல்லாம் திருத்தலாம் என்று செய்து காட்டினார்கள். முத்திரையும் காவலும் இருக்கும்போது அப்படிச் சிக்காது என்றது தேர்தல் கமிஷன். யந்திரம் எந்த ஊரிலிருந்து கிடைத்தது என்ற விவகாரத்தில் ஹரி பிரசாதைக் கைது செய்தார்கள். குடத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டியவரைப் பிடித்துக்கொண்டு போவது உத்தரமேரூர் வழக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். யந்திரத்தைத் திருத்தித் தேர்தல் முடிவை மாற்றினார்கள் என்று நம் நாட்டில் எந்தக் கோர்ட்டிலும் நிரூபணமானதில்லை. யந்திரம் பொய் சொல்கிறது என்று நானும் சொல்லவில்லை. பெரியப்பாவும் சொல்லவில்லை. அந்த வாத்தியாரும் யோக்கியர்தான். இருந்தாலும் பதினொரு சீட்டையும் மேஜை மேல் பரப்பினார் அல்லவா? யோக்கியனாக இருப்பது ஒன்று, யோக்கியதையை எதிராளிக்குக் காட்டுவது வேறொன்று.

2013 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, நியாயமான தேர்தலுக்குக் காகிதச் சாட்சி அவசியம் என்று தீர்ப்பளித்தது. அமுக்கிய பொத்தானுக்குரிய சின்னம் ஒரு துண்டுச் சீட்டில் அச்சாகி, கண்ணாடிக்குள் ஏழு வினாடி தெரிந்து, பெட்டிக்குள் விழும். 2014-இல் மத்திய சென்னைத் தொகுதியில் அதைப் பார்த்தோம். 2019-இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. அந்தச் சீட்டுகளை எல்லாம் எண்ணுவதில்லை. ஒரு சட்டசபைத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி யந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்று 2019 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற வழக்கை 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி தள்ளிவிட்டது. ஆனால் இரண்டாவது, மூன்றாவதாக வந்தவர்கள் பணம் கட்டிக் கேட்டால் நூற்றுக்கு ஐந்து யந்திரங்களைப் பொறியாளர்களைக் கொண்டு பரிசோதிக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. வாசகர்கள் கவனிக்க வேண்டும்: அந்த வாசல் தோற்றவருக்கென்று வைத்த வாசல்.

இதற்கு நடுவில் 2021 அக்டோபரில் விழுப்புரம் ஜில்லாவிலும் காஞ்சீபுரம் ஜில்லாவிலும் ஊராட்சித் தேர்தல் நடந்தது. கிராமங்களில் இன்னும் காகிதச் சீட்டுதான். பதவிக்கு ஒரு நிறமாக நான்கு சீட்டுகள். முகையூரிலும் பெட்டி, உத்தரமேரூர் ஒன்றியத்திலும் பெட்டி. பராந்தகன் கல்வெட்டுக்குச் சரியாக 1,100 வருஷம் கழித்து! பெரியப்பா வெகு உற்சாகமாக நான்கையும் குத்தி, மை உலர்கிற வரையில் ஊதி, மடித்துப் போட்டுவிட்டு வந்தார்.

2024 ஏப்ரலில் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு மறுபடியும் யந்திரம். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சாவடியிலிருந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணாடிக்குள்ளே சீட்டைப் பாத்தேன். விழுந்திடுச்சு. அதை எண்ணுவாங்களா?" என்றார்.

"எல்லாவற்றையும் இல்லை, பெரியப்பா. தொகுதிக்கு ஐந்து சாவடி."

"எந்த அஞ்சு? அதை யார் சொல்றது?"

நான் படித்ததைச் சொன்னேன். சாவடி எண்களைத் தனித்தனிக் காகித அட்டைகளில் எழுத வேண்டும். வேட்பாளர்களுக்கும் ஏஜண்டுகளுக்கும் அவற்றைக் காட்டிவிட்டு, எண் தெரியாதபடி நான்காக மடித்து, ஒரு பாத்திரத்தில் போட்டு, நன்றாகக் குலுக்கி, எல்லோர் முன்னிலையிலும் ஐந்தை எடுக்க வேண்டும். இதுதான் தேர்தல் கமிஷனின் விதி.

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். உத்தரமேரூர்ச் சுவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மின்னணுவும் வந்து, சில்லும் வந்து, கோர்ட்டும் ஏறி இறங்கி, கடைசியில் குடத்தடியில் வந்து நிற்கிறோம்!

பெரியப்பா சிறிது நேரம் யோசித்தார். "குலுக்கிப் போட்டு எடுக்கறது நல்லதுதான். ஆனா அஞ்சு பத்தாதுடா" என்றார். பிறகு, "எடுக்கறவன் கையை விரிச்சுக் காட்டச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அவர் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர் அல்ல. ஒன்பது ஓட்டில் தோற்றவர்.